கடைசி வண்டியின் கொக்கி

வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இன்னும் பத்தடி போய் மறுபடியும் வருவேன். மூன்றாவது தடவை திரும்பும்போது, மிளகுக் கொடிகளுக்கு நடுவிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். "பூட்டு எங்கயும் ஓடிப்போகல புள்ள, அங்கயேதான் தொங்குது." அவர் தோட்டத்தில் இருக்கும்போது வீட்டை ஏன் பூட்ட வேண்டும் என்று கேட்காதீர்கள். அது எங்களுக்குள் வேறு சண்டை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. மலைக்குக் கீழே, ரயில் பாதையை ஒட்டி, ஒரு தனியார் யார்டு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்திருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து தினமும் காலையில் முதல் பஸ் பிடித்து எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போவேன், மத்தியானம் ஷிப்ட் முடிந்து எழுபதும் ஏறி வருவேன். மலையில் எத்தனையோ பேர் இப்படிக் கட்டட வேலைக்கும் மில்லுக்கும் போகிறார்கள். நான் போனது கொஞ்சம் விசித்திரமான வண்டிகளைப் பார்த்துக்கொள்ள.

சாலையில் லாரி இழுத்துக்கொண்டு போகும் நீளமான டிரெய்லரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் யார்டில் இருந்தவை பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அவை தண்டவாளத்திலும் ஓடும். டிரெய்லரை இழுத்து வந்த லாரி அதைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்திவிட்டுக் கழன்றுகொள்ளும். யார்டில் தண்டவாளத்தைச் சுற்றித் தரைமட்டத்துக்குக் காங்கிரீட் போட்டிருப்பதால் ரப்பர் டயர் ஏறி நிற்பதில் சிக்கல் இல்லை. டிரெய்லருக்கு அடியில் ரயில் சக்கரங்கள் பூட்டிய இரும்புக் கட்டையைத் தள்ளி, அதன்மேல் டிரெய்லரை உட்கார வைப்போம். பிறகு ஒரு நெம்புகோலைத் திருப்பினால் காற்று வெளியேறி, ஸ்பிரிங் இழுத்து, ரப்பர் டயர்கள் தரையைவிட்டு மேலே எழும்பிவிடும். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ரயில். போய்ச் சேருகிற ஊரில் டயரை இறக்கினால் மறுபடி லாரி டிரெய்லர்.

தூக்கிய டயரை ஸ்பிரிங்கை மட்டும் நம்பி அனுப்ப முடியாது. ஓட்டத்தில் குலுங்கிக் குலுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். அதற்குத்தான் ஒரு கொக்கி. முழங்கை நீளம், மஞ்சள் பெயிண்ட். டயர் மேலே போனதும் கொக்கியை வளையத்தில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு, "மாட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு டிரெய்லரின் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் கொக்கி மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதுதான் என் வேலை. கொக்கி, சத்தம், கோடு.

கொக்கி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று முதல் நாளே எஞ்சினியர் சார் படம் போட்டுக் காட்டினார். சென்னைக்காரர். என்னைவிடப் பத்து வயது சிறியவர், அதனால் என்னை அக்கா என்பார். டயர் கீழே தொங்கிக்கொண்டே போய் ஒரு லெவல் கிராசிங்கில் தார்ச்சாலை மேட்டில் மோதினால், டிரெய்லர் தூக்கிப்போடும், ரயில் கவிழும் என்றார். அவர் படத்தில் கேட்டுக்கு இரண்டு பக்கமும் யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த கேட்டுகளில் எப்போதும் ஆள் இருப்பார்கள். புல்லுக்கட்டுக்காரிகள், டிவிஎஸ் வண்டியில் மூன்று பேராக உட்கார்ந்த குடும்பம், சைக்கிளோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். கம்பிக்கு அடியில் தலையை நீட்டி ரயில் வருகிறதா என்று பார்ப்பவர்கள் வேறு. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து என் மனசில் அவர்களை நானே நிற்க வைத்துவிட்டேன்.

சரக்கோடு முதல் ரயில் கிளம்பிய நாள் ஒரு பங்குனி வெயில். ஆறு டிரெய்லர், ஆறிலும் ஜவ்வரிசி மூட்டை. வடக்கே விரதம் இருப்பவர்களுக்குப் போகிற சரக்கு. எங்கள் மலையில் விளைந்த மரவள்ளியும் அந்த மூட்டைகளில் மாவாகி மணியாகி இருந்திருக்கும். காலையிலேயே ஆறையும் ஏற்றி, கொக்கி மாட்டி, சத்தம் போட்டு, கோடும் போட்டுவிட்டேன். ஆறையும் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்கப் போனபோது எஞ்சினியர் சார் சிரித்தார். "அக்கா, போதும். கொக்கி தேஞ்சிரப் போவுது."

கடைசி டிரெய்லரை இழுத்து வந்த டிரைவர் மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மலையடிவாரத்துக் காரவள்ளிப் பக்கத்து ஆள், ஐம்பது வயசு இருக்கும், கழுத்தில் துண்டு. லாரி ஓட்டியே முடி நரைத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைக் கண்ணு என்பார். கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். அதில் எலுமிச்சம்பழம்.

எங்கள் பக்கத்தில் புது வண்டி முதல் சவாரி போகும்போது நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் யாரும் எடுக்க மாட்டார்கள். எழுபது வளைவு இருக்கிற ஊர். கலெக்டரே வந்து சொன்னாலும் எடுக்க மாட்டார்கள். அண்ணனும் பழம் வைக்கத்தான் வந்திருந்தார். ஆனால் டயர் தரையைவிட்டு முக்கால் அடி மேலே நின்றது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எஞ்சினியரைப் பார்த்தார்.

"ஏனுங் சார், சக்கரமே தரையில படலீங்களே, பழம் எப்படிங்க நசுங்கும்?"

"ரயில் சக்கரத்துக்கு அடியில வைங்க. நல்லா நசுங்கும்," என்றார் எஞ்சினியர்.

"அது ரயிலுக்குங்க. என்ற வண்டிக்கு?"

எஞ்சினியருக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. தூக்கிய டயரை இனி யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, சிக்னல் எப்போது கிடைக்கும் என்று போனில் கேட்க ஆபீசுக்குள் போனார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "கண்ணு, ஒரு நிமிசம் எறக்கித் தூக்கிரலாம். நீதான் நெம்புகோலு திருப்பத் தெரிஞ்சவ. இத்தன வருசத்துல என்ற வண்டி நானில்லாம எங்கயும் போனதில்ல. இன்னைக்கு அதும் பாட்டுக்குத் தனியாப் போவுது. மனசு கேக்கல."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் அவர் மேல் இருந்த இரக்கம் மட்டுமல்ல. எனக்கும் பயம். என் வீட்டுக்காரர் புது பைக் வாங்கியபோது, பழம் வாங்க மறந்து அப்படியே மலை ஏறினார். நாற்பத்தி எட்டாவது வளைவில் சறுக்கிக் கையை உடைத்துக்கொண்டார். மழையில் வழுக்கியதுதான் என்று அப்போது நானே வாதாடியவள். ஆனாலும் அன்றைக்கு யார்டில் நின்றபோது ஆறு டிரெய்லரும் பழம் இல்லாமல் போவது எனக்கும் பிடிக்கவில்லை. படித்தவள், ஃபிட்டர், யார்டு கொடுத்த நீலச் சட்டை போட்டவள். எல்லாம் சரிதான்.

கடைசி டிரெய்லரின் கொக்கியைக் கழற்றினேன். நெம்புகோலைத் திருப்பினேன். டயர்கள் மெதுவாக இறங்கின. அண்ணன் நாலு பக்கமும் நாலு பழம் வைத்தார். மூன்று நசுங்கின. நாலாவது பழம் டயருக்கு அடியிலிருந்து வழுக்கி ஓடி, தண்டவாளத்துக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் விழுந்துவிட்டது.

நெம்புகோலை மறுபக்கம் திருப்பினேன். டயர்கள் மேலே போயின. அதன் பிறகு நான் செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குனிந்து அந்தப் பழத்தைத் தேடினேன். எஞ்சினியர் வந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்ற பதற்றம். "வேற பழம் இருக்குது, உடு கண்ணு," என்றார் அண்ணன். நான் விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டி நோண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கையில் கிரீசும் எலுமிச்சைச் சாறும். குழாயடிக்குப் போய்க் கழுவினேன். அங்கிருந்து நேரே ஆபீஸ். தாளில் ஆறு டிரெய்லருக்கும் ஆறு கையெழுத்து. மணி இரண்டு. மலை பஸ் எனக்காக நிற்காது என்பதால் ஓடினேன். அப்போது ரயில் இன்னும் யார்டில்தான் நின்றுகொண்டிருந்தது. அரை மணி கழித்துத்தான் கிளம்பியதாம். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

காரவள்ளியில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணை மூடிவிட்டேன். முப்பத்தேழாவது வளைவில் பஸ் நின்றது. மேலேயிருந்து பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்து வளைவில் திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பஸ் பின்னால் போய் வழிவிட வேண்டும். கண்டக்டர் இறங்கி ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். லாரி உரசாமல் போனது. கண்டக்டர் கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் பஸ்சின் தகரத்தில் தட்டினார்.

"கல் எடுத்தாச்சுங்க! போலாம் ரைட்!"

அப்போதுதான் உறைத்தது. காலையில் ஆறு தடவை "மாட்டியாச்சு" என்று கத்தியிருந்தேன். எலுமிச்சம்பழத்துக்குப் பிறகு ஏழாவது தடவை கத்தவில்லை. கத்தினேனா? எஞ்சினியருக்குக் கேட்கக் கூடாதென்று கத்தாமல் விட்டிருப்பேன், சரி. கொக்கியை மாட்டினேனா? கையை விரித்துப் பார்த்தேன். பழத்தை நோண்டியது கைக்கு நினைவிருந்தது. குழாயடித் தண்ணீரின் சூடு நினைவிருந்தது. கொக்கியின் கனம் நினைவில் இல்லை.

கோடு மட்டும் அப்படியே இருந்திருக்கும். காலையில் போட்ட கோடு. பார்க்கிறவர்கள் அந்தக் கோட்டை நம்பி அனுப்பியிருப்பார்கள். என் கோடு, என் கையெழுத்து.

"நிறுத்துங்க, எறங்கணும்," என்று எழுந்துவிட்டேன்.

"ஏனுங்கம்மா, இங்க எறங்கி என்ன பண்ணுவீங்க? அடுத்த பஸ்சு ஆறரைக்குத்தானுங்க," என்றார் கண்டக்டர்.

அந்த வளைவில் சமவெளிப் பக்கம் திறந்து கிடப்பதால் போனில் டவர் கிடைக்கும். அதற்கு மேலே போய்விட்டால் செம்மேடு வரும்வரை ஒன்றும் கிடைக்காது. இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. இறங்கிவிட்டேன். பஸ் போனது. தடுப்புச் சுவரில் நாலைந்து குரங்குகள் உட்கார்ந்து என் சாப்பாட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தன.

எஞ்சினியருக்குப் போட்டேன். வேறு அழைப்பில் இருந்தார். மறுபடி போட்டேன், அதே பதில்தான். கீழே தூரத்தில் வயல்கள், கோழிப்பண்ணைக் கூரைகள், வெயிலில் மங்கலாக ஒரு கோடு மாதிரி சாலை. அங்கே எங்கேயோ அந்த ரயில் போய்க்கொண்டிருந்தது. எத்தனை கேட் தாண்டியிருக்கும்? எந்தக் கேட்டில் இப்போது பிள்ளைகள் நிற்பார்கள்? பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மணி நாலாகிக்கொண்டிருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எஞ்சினியர் போனை எடுக்காதபோது என்னில் ஒரு பாதி நிம்மதியடைந்தது. எடுத்தால் சொல்ல வேண்டும். சொன்னால் முதல் ரயிலையே நடுவழியில் நிறுத்துவார்கள். கொக்கி சரியாக இருந்தால் ஊரெல்லாம் சிரிப்பு, சரியாக இல்லாவிட்டால் வேலை போகும். மலையிலிருந்து ஃபிட்டர் வேலைக்குப் போன பொம்பளை நான் ஒருத்திதான். மாட்டியிருப்பேன், மாட்டாமல் எப்படி விடுவேன், பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் ஆயிற்றே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

டிரைவர் அண்ணனுக்குப் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"அண்ணா, கடைசி வண்டி கொக்கி. பழம் வெச்சதுக்கப்பறம் நான் மாட்டினனா? எனக்கு நெனவே இல்லீங்ண்ணா."

"மாட்டித்தான் இருந்துது கண்ணு. என்ற கண்ணால பாத்தேன்."

"நெசமாலுமா? என்னைத் தேத்தறதுக்குச் சொல்லாதீங்க."

"மாரியாத்தா மேல சத்தியமா. வளையத்துக்குள்ள கொக்கி உக்காந்திருந்துது. நீ பயப்படாத."

தடுப்புச் சுவரில் குரங்குகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நல்லவேளை எஞ்சினியர் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வைத்துவிடுகிறேன் என்று சொல்லப் போனபோது அண்ணன் மறுபடி பேசினார். குரல் மாறியிருந்தது.

"கண்ணு. எதுக்கும் சாருகிட்டச் சொல்லிரு. வண்டிய நிறுத்திப் பாக்கச் சொல்லு."

"மாட்டியிருக்குன்னு இப்பத்தானே சத்தியம் பண்ணுனீங்க?"

"கடைசி வண்டி சரிதான். ரெண்டாவது வண்டிய ஒருக்கா பாக்கச் சொல்லு."

"ரெண்டாவது வண்டிக்கு என்ன?"

"மாரியாத்தா" என்றார். பிறகு சொன்னார். நான் கை கழுவப் போன நேரத்தில், பையில் மீதிப் பழம் இருந்ததாம். இரண்டாவது டிரெய்லரை வழக்கமாக இழுக்கிறவர் இவருடைய கூட்டாளி, அன்றைக்கு லீவு. தன் வண்டிக்கு மட்டும் பழம் வைத்துவிட்டு அவன் வண்டியை விட்டால் நல்லாவா இருக்கும் என்று, நான் திருப்பியதைப் பார்த்த மாதிரியே கொக்கியைக் கழற்றி நெம்புகோலைத் திருப்பிவிட்டார். நாலும் நசுங்கின. தூக்கியும் விட்டார். கொக்கியைக் கையில் எடுக்கும்போது ஆபீஸ் கதவு திறக்கும் சத்தம். எஞ்சினியர் பார்த்துவிடுவார் என்று அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டார்.

"மாட்டுனீங்களா இல்லையா?"

"இல்ல கண்ணு. அப்பறமா மாட்டிக்கலாம்னு நெனச்சேன். சாரு அங்கயே நின்னுட்டாரு. நீயும் பஸ்சுக்குப் போயிட்ட. ரெண்டு மணி நேரமா இதயேதான் நெனச்சுட்டு இருக்கறேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அண்ணன் என்றும் பார்க்கவில்லை, வயசையும் பார்க்கவில்லை. சின்ன வயதில் சந்தையில் கேட்ட வார்த்தைகள்கூட வந்தன. குரங்குகள் எழுந்து தள்ளிப் போய்விட்டன. அண்ணன் போனை வைக்காமல் முழுவதும் கேட்டார். "நீ சொல்லிரு கண்ணு, நீ சொன்னாத்தான் கேப்பாங்க," என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

எஞ்சினியர் ஆறாவது தடவை எடுத்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், ரயிலை நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டாவது வண்டியும் கடைசி வண்டியும். எலுமிச்சம்பழம் வைக்கறதுக்கு டயர இறக்கினோம். கொக்கியப் பாக்கச் சொல்லுங்க."

"என்னது? எலுமிச்சம்பழமா?"

"அப்புறம் திட்டுங்க சார். மொதல்ல நிறுத்துங்க."

வைத்துவிட்டார். அதன் பிறகு நான் அந்த வளைவில் இருந்தது கடிகாரக் கணக்கில் ஐம்பது நிமிடம். பைக்கில் போனவர்கள் இரண்டு பேர் நிறுத்தி, ஏனுங்க ஏதாச்சும் பிரச்சனைங்களா என்று கேட்டார்கள். இல்லீங்க என்றேன். கை சட்டைப் பைக்குள் போனபோது அந்த நாலாவது பழம் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் கிழித்த கோடு ஒன்று, மற்றபடி முழுப்பழம். தூக்கிப் பள்ளத்தில் எறியலாம் என்று கையை ஓங்கினேன். எறிந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்கூட என் புத்தி அப்படித்தான் போயிற்று.

நாலே முக்காலுக்கு எஞ்சினியர் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துக் கேட்டுகளில் நின்ற பிள்ளைகளை யாரோ நல்ல நேரத்தில் பெற்றிருக்க வேண்டும். பயணிகள் ரயிலுக்கு வழிவிட எங்கள் ரயிலை ஒரு சின்ன ஸ்டேஷனில் ஏற்கெனவே ஓரங்கட்டியிருந்தார்கள். இறங்கிப் பார்த்தபோது இரண்டாவது டிரெய்லரின் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. டயர் நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அடுத்த கேட் இரண்டு கிலோமீட்டர் தள்ளி.

"கடைசி வண்டி பக்காவா இருக்குக்கா. அதுல நீங்க சும்மா பயந்துட்டீங்க," என்றார்.

மறுநாள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆபீசில் என்னை உட்கார வைத்து வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். அண்ணன் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு முந்தைய நாளின் கோபம் அடங்கவே இல்லை. தெரிந்தே இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார், நான் போன் செய்யாவிட்டால் சொல்லியிருக்கவே மாட்டார் என்ற கோபம். அவர் தலையை நிமிர்த்தவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. எழுதினேன். இரண்டாவது வண்டியின் கொக்கியைக் கழற்றியது டிரைவர், மாட்டாமல் விட்டதும் அவர்தான். கடைசி வண்டியின் கொக்கியைக் கழற்றியது நான். பழம் வைத்து முடித்ததும் நானே மறுபடி மாட்டினேன்.

எழுதும்போது அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. கொக்கி மாட்டியிருந்தது. டயரைத் தூக்கியது நான். அப்படியென்றால் மாட்டியதும் நானாகத்தானே இருக்க வேண்டும்? நினைவில்லை என்று எழுதினால் என்னை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? கையெழுத்துப் போட்டேன்.

என்னை எச்சரித்துவிட்டு விட்டார்கள். உண்மையைச் சொல்லி ரயிலை நிறுத்தியவள் என்று எஞ்சினியர் மேலே பேசினாராம். அண்ணனை இனி யார்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விதித் தாளில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: பூஜை, பழம் எல்லாம் டயரைத் தூக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த வரிக்கு நேராகவும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு அவர் கிளம்பியபோது யார்டு கேட்டருகில் நான் நின்றிருந்தேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முந்திக்கொண்டார்.

"நீ வருத்தப்படாத கண்ணு. தப்பு என்ற மேலதான். நீ எழுதுனது சரிதான்."

"கடைசி வண்டிக்கும் சேத்துத்தான் நிறுத்தச் சொன்னேங்ண்ணா. உங்கள மட்டும் மாட்டிவிடணும்னு இல்ல."

"தெரியும். அந்தக் கொக்கி நான் மாட்டுனதுதான்." சட்டென்று நிறுத்திக்கொண்டார். வாய் தவறி வந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் சொன்னார். "நீ பழத்த நோண்டிட்டு இருந்தயில்ல, கொக்கி தொங்கிட்டு இருந்துது. எடுத்து மாட்டி உட்டேன். உன்னட்டச் சொன்னா நீ இன்னும் பயந்துக்குவேன்னு சொல்லல. இதப்போயி யாருகிட்டயும் சொல்லிட்டிருக்காத சாமி. வேலயப் பாரு." பஸ் ஸ்டாப்புப் பக்கம் நடந்து போய்விட்டார்.

நான் ஆபீஸ் வாசல்வரை போனேன். எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, என்னக்கா என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தாள் இன்னும் அங்கே கோப்பில் இருக்கிறது.

அண்ணன் இப்போது சொந்த ஊரில் ஒரு லோடு வேன் ஓட்டுகிறார். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற வேன். போன மாதம் நானும் வீட்டுக்காரரும் நாமக்கல் போய்விட்டுத் திரும்பும்போது, வளைவு ஒன்றில் எங்கள் பஸ்சுக்கு வழிவிட்டு அந்த வேன் ஓரமாக நின்றது. வீட்டுக்காரர் பக்கத்து சீட்டுக்காரரிடம் வழக்கமான கதையை ஆரம்பித்திருந்தார். எங்கள் நாடு முழுக்கத் தெரிந்த கதை. "எங்கூட்டுக்காரி போன் பண்ணித்தானுங்க அந்த ரயிலே நின்னுது. இவ மாட்டுன கொக்கி மட்டும் அப்படியே நின்னுச்சாம் பாத்துக்குங்க. ஊட்டுப் பூட்டையே மூணு தடவ இழுத்துப் பாக்கறவளாச்சே!"

ஜன்னலுக்குக் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அண்ணன் ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிசு. எல்லாம் கேட்டிருக்கும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, சௌக்கியமா கண்ணு என்று கேட்டார். சௌக்கியந்தாங்ண்ணா என்றேன். பஸ் நகர்ந்தது, பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார், நான் பதிலுக்குக் கைகூப்பினேன்.